பத்தொன்பதாவது கட்டம்

டுலூத்தில் ஜனவரி.
ஏரிப்பனி விரிசல் விடும் சத்தம்
என் நிலவறைச் சன்னல் வரை வரும்.
ரெய்னோ காங்கஸ் தன் என்ஜினைக்
கம்பளிக் காலுறைக்குள் செருகி எடுத்து வந்தான்.
ஜோடியின் மற்றதைக் காலில் போட்டிருந்தானா
என்று நான் கேட்கவில்லை.

அவனுடையது நானூற்றுப் பன்னிரண்டு.
என்னுடையது எழுபத்தொன்று.
ஒரே தண்டவாளம், ஒரே மின்சாரம்,
இரண்டும் சும்மா நிற்கும்.
எண்ணைச் சொல்லி அழைத்தால்தான் அசையும்,
அதுவும் அழைக்கப்பட்டது மட்டும்.

முப்பத்தெட்டுத் தாதுப் பெட்டிகள்.
துறைமுகச் சாலையோரம் பொறுக்கிய டாக்கனைட்டை
நானே இடித்து நிரப்பியிருந்தேன்.
கொதிகலனுக்குப் பின்னே ஏறும் மேட்டில்
எழுபத்தொன்று மூச்சுமுட்டி
நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும்.
அதனால்தான் அவனைக் கூப்பிட்டேன்.
அதனால் மட்டும்தான் என்று அப்போது நினைத்தேன்.

எட்டடி நேர்ப்பாதையில் நாடா ஒட்டி
ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினோம்.
அவனுடையது பதினேழு நொடி.
என்னுடையது பதினொன்று.
"வேகமானதைத்தான் குறைக்கணும், பாவ்லிச்.
இல்லாத வேகத்துக்கு நான் எங்கே போவேன்?"

நியாயம்தான்.
இருபத்தெட்டுப் படிகள்,
ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாய்
என் என்ஜினை அவனுடையதாக்கினோம்.
இரண்டு இரவு, ஒரு டப்பா புகையிட்ட மீன்.

பிறகு முதுகோடு முதுகாய் மாட்டினோம்.
அவனுடையதன் முகம் பெட்டிகளைப் பார்த்திருக்க,
அதற்கு மட்டும்
முன் என்றால் பின் என்று எழுதிவைத்தோம்.
முன்னுக்குப் பின் முரண்;
ஓடியது அதனால்தான்.
உள்பக்க விளக்குகளை அணைத்தோம்.
ஹாரன் என்னுடையதற்கு மட்டும்.
(அதற்கே கால் மணி நேரப் பேச்சு.)
இரண்டின் நினைவிலும்
பத்தொன்பதாவது கட்டத்தில் ஒன்பது என்று இட்டோம்.
இனி ஒன்பது என்றால் இருவரும்.

மேட்டில் ஏறியபோது
நடுக்கொக்கி இறுகவுமில்லை, தொய்யவுமில்லை.
நான் குனிந்து அதையே பார்த்திருந்தேன்.
அவன் காபி ஆறிப்போகும்வரை
கோப்பையைப் பிடித்தபடியே நின்றான்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு
எழுபத்தொன்றைத் தனியே ஓட்ட ஆசை.
அதன் பத்தொன்பதில் பூஜ்ஜியம் இட்டுப் பிரித்தெடுத்தேன்.
குமிழை முழுக்கத் திருப்பியும்
அது ரெய்னோ மாதிரியே போயிற்று.

அவன் வந்ததும் சொல்லிவிட்டேன்.
என்ன சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது,
இங்கே எழுத மாட்டேன்.
அவன் பதிலுக்கு,
"ஹாரன் கையில் இருந்தால் போதும் உனக்கு" என்றான்.
நானூற்றுப் பன்னிரண்டு
காலுறைக்குள் போனது.

ஏப்ரல் வந்தும் பனி விடவில்லை.
பனிதள்ளும் லாரியை நிறுத்திவிட்டு
பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன்,
ஃபோன்.
"ஓடல" என்றான். வணக்கம்கூட இல்லை.
"நம்பரைக் கொடுத்தால் விளக்கு எரியுது.
ஹாரன்கூட அடிக்குது.
நகர மாட்டேங்குது. என்ன செஞ்சே?"

ஒன்றும் செய்யவில்லை.
என்னுடையதை மட்டும் விடுவித்திருந்தேன்.
அவனுடையது இன்னும்
ஒன்பதுக்காகக் காத்திருந்தது.

"ஒன்பதைக் கூப்பிட்டுப் பார்" என்றேன்.
குமிழ் திரும்பும் சத்தம்.
அப்புறம், ஃபோன் வழியே, மோட்டார்.
"பின்னாடி போகுது."
"பின்னாடியா? மேட்டில் அதுதானே முன்."
வெகுநேரம் மோட்டார் மட்டும் கேட்டது.

பூஜ்ஜியத்தைப் பற்றி நான் சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை,
இருபது வருடமாக இதை ஓட்டுகிறவன்.

எழுபத்தொன்றின் பழைய வேகத்தை
நானும் இன்னும் திருப்பி ஏற்றவில்லை.
நேரமில்லை
என்று வைத்துக்கொள்ளுங்கள்.